வயல் நாட்டு வீடு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உணவு ஒரு நாளைக்கு உதவுவது. உடை ஓரிரண்டு ஆண்டிற்கு உதவுவது. உறையுளோ இரண்டு மூன்று தலைமுறைக்கு உதவுவது. உணவில் பிழை நேரின் மறுநாளே திருத்திக் கொள்ளலாம். வீட்டில் பிழை நேரினோ, கட்டினவர் மறைந்த பின்னரும் அப்பிழை நின்று, அதனுள் பிறந்து வளரும் மக்களை வெயிலாலும் புழுக்கத்தாலும் வருத்திக் கொண்டேயிருக்கும். ஆதலின், வீடு கட்டுதல் கொத்தனார்க்கும் பொறியாளர்க்கும் மட்டுமே உரியதென்று எண்ணி ஏனையோர் வாளா இருத்தல் பொருந்தாது. கல்வி கற்ற ஒவ்வொருவரும் ஆராய்ந்து தெளிய வேண்டிய பொருள்களுள் இதுவும் ஒன்றாகும்.

நாட்டுப்புறத்தில் இக்காலத்திற்கு வேண்டிய வசதிகள் யாவும் அமைந்த வீடொன்றைக் கட்டுதல் வேண்டும். அவ்வீடு தன்னைச் சூழ்ந்துள்ள வயலோடும் வாய்க்காலோடும் தோப்போடும் முரணாது இசைந்து நிற்றலும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே இயலுமா? இயலுமெனின் எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசின் பொருள் தெளிவுபடாது. ஆகவே, தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டைப் பகுதியை எடுத்துக்கொண்டு ஆராய்வாம்.

நிலத்தின் இயல்பு

பட்டுக்கோட்டை காவிரிச் சமவெளியின் தென்பகுதியில் உள்ளது. குடந்தை, மயிலாடுதுறை முதலிய ஊர்களைச் சூழ்ந்த நிலம், காவிரியும் அதன் கிளைகளும் பன்னூறாண்டுகளாகக் கொணர்ந்து பரப்பிய வண்டல் நிலம். பட்டுக்கோட்டைப் பக்கமோ செம்மண்ணும் மணற்பாங்கும் மிக்கது. கடலும் அணித்தே உள்ளது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, கல்லணைக் கால்வாய் வழியாகத் தண்ணீர் விடப்பட்ட பின்னரே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் காவிரிப் பாசனத்தைப் பெரிதும் பெற்றன. அக்கால்வாயை மக்கள் 'புது ஆறு' என்றே வழங்குவர். இன்று நாம் கண்டு மகிழும் பசுமையில் ஒரு பெரும் பகுதி நூறாண்டுப் பழமையும் உடையதன்று. பொறியாளர் வகுத்த அளவும், உழவர் வெட்டிய கிளை வாய்க்காலும், கூலியாட்கள் சுமந்த மண்ணும் சேர்ந்து ஆக்கிய பசுமை அது. எனவே, புதுமை என்பது இந்நிலத்திற்கு அயலானதன்று. நீரின் போக்கையும் மண்ணின் சரிவையும் அறிந்து செய்யப்பட்ட புதுமையை இந்நிலம் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது. வீடு கட்டுவோர் முதற்கண் உள்ளத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவாகும்.

இனி, இங்கு வீசும் காற்றையும் பெய்யும் மழையையும் நோக்குவாம். ஆனி, ஆடித் திங்கள்களில் மேல்காற்று வலிந்து வீசும். கோடையின் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலுமிருந்து வந்து வெம்மையைத் தணிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். புயல்கள் தோன்றுவதும் பெரும்பாலும் அப்போதுதான். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்கு முன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த 'கஜா' புயல், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவோடு வீசிப் பட்டுக்கோட்டைப் பகுதியை அலைக்கழித்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஓட்டு வீடுகளின் ஓடுகள் பறந்தன. குடிசைகள் இருந்த இடம் தெரியாது போயின. அன்று முதல் இப்பகுதி மக்கள் வீட்டைப் பற்றி எண்ணும்போது, 'அடுத்த புயலுக்கு இது நிற்குமா?' என்னும் கேள்வியையே முதலிற் கேட்கின்றனர். அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. அதனை மறந்து அழகை மட்டும் பேசும் எவரும் இவ்வூரார்க்கு அறிவுரை கூறத் தகுதியுடையர் ஆகார்.

பழைய வீடு

தஞ்சை நாட்டுப் பழைய உழவர் வீட்டின் அமைப்பை நம்மில் பலர் இன்னும் மறந்திலர். தெருவை ஒட்டித் திண்ணை. அதைக் கடந்தால் இருள் சூழ்ந்த குறுகிய ரேழி. அப்பால் வானை நோக்கித் திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். ஒரு புறம் கூடம், மறுபுறம் நெல் நிறைந்த பத்தாயம். பின்னே அடுக்களை, கிணறு, மாட்டுக்கொட்டில், கொல்லை என இவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவில், பிற வீடுகளோடு தஞ்சைப் பகுதி உழவர் வீடு ஒன்றும் பெயர்த்து அமைக்கப்பட்டுள்ளது. பழைய வீட்டைக் கண்டறியாத இளைஞர் அங்குச் சென்று காணலாம்.

இவ்வுறுப்புகளுள் ஒன்றேனும் வெறும் அழகுக்காக அமைந்ததன்று. திண்ணை வெயிலைச் சுவரில் படாது தடுத்தது. வழிப்போக்கர்க்கு இடமும் தந்தது. முற்றம் வீட்டின் நடுவே வெளிச்சத்தைக் கொணர்ந்தது. வெம்மையுற்ற காற்று அதன் வழியே மேலெழ, அதன் இடத்தை நிரப்பத் தாழ்வாரத்து நிழலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. நாட்டு ஓடு மழையைத் தாங்கியதோடு, ஓடுகளின் இடுக்கு வழியே வெப்பத்தை வெளியேற்றியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உண்டு உமிழ்ந்தது. நெல்லும் வைக்கோலும் மாடும் மனிதரும் ஒரு கூரையின் சூழலில் வாழ்தற்கு ஏற்ற ஒழுங்கு அது.

நிற்க, பழைய வீட்டின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அடுக்களைப் புகை பெண்டிர் கண்களைக் கெடுத்தது. அறைகளில் ஒளி போதவில்லை. கழிப்பிடம் வீட்டிற்குள் இன்மையால் முதியோரும் பெண்களும் பட்ட துன்பம் பெரிது. மேலும், எல்லார்க்கும் இடந்தருவதெனப் புகழப்படும் அத்திண்ணையிலேயே இன்னார் அமரலாம், இன்னார் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற கொடிய வரம்பும் இருந்தது. அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டவர்க்கு ஊரின் ஓரத்தில் ஓலைக் குடிசையே உறையுளாயிற்று. 1968ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு பற்றிய பூசலில் வைக்கப்பட்ட தீயால், ஒரு குடிசையில் அடைக்கலம் புகுந்திருந்த 44 பேர் எரிந்து மாண்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். கூரைக் குடிசையின் எழிலைத் தொலைவில் நின்று பாராட்டுவோர் இதனை மறத்தல் கூடாது. பழைய ஊரின் காட்சியோடு இசைதல் வேண்டும் என்று நாம் கூறும்போது, அதன் நிழலையும் காற்றையும் கொள்ளுகின்றோம். அதன் ஏற்றத்தாழ்வைக் கொள்ளவில்லை.

இக்காலத்து வீடு

மேற்கூறிய துன்பங்களை அறிந்தோர், மக்கள் கான்கிரீட் வீட்டை ஏன் விரும்புகின்றனர் என்பதை எளிதில் உணர்வர். அது தீப்பற்றாது, காற்றில் பறவாது, ஆண்டுதோறும் கூரை மாற்ற வேண்டுவதில்லை, தலை நிமிர்ந்து வாழும் உரிமைக்கும் அஃது ஓர் அடையாளமாயிற்று. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் பெருந்திட்டமொன்றைத் தமிழ்நாட்டு அரசு 2010இல் தொடங்கியது. 2024இல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், 2030ஆம் ஆண்டிற்குள் 8 லட்சம் வீடுகளைக் கட்டுவதென்றும், வீடு ஒன்றுக்கு 360 சதுர அடிப் பரப்பும் 3.5 லட்சம் ரூபாயும் என்றும் வகுத்தது. இம்முயற்சிகளைப் பழித்தல் அறமாகாது.

எனினும், கான்கிரீட் தட்டு ஒன்றுக்கு ஓர் இயல்புண்டு. நான்கைந்து அங்குலக் கனமுள்ள அத்தட்டு பகல் முழுதும் வெயிலைக் குடித்து, இரவு முழுதும் அதனைக் கீழே படுத்திருப்பார் மேல் உமிழும். சுவருக்கு நிழல் இன்றி, நான்கு புறமும் மொட்டையாக நிற்கும் பெட்டி போன்ற வீட்டில் சித்திரை, வைகாசி இரவுகளைக் கழிப்போர் இதனை நன்கறிவர். வசதியுடையார் குளிரூட்டும் பொறி வைத்துக்கொள்வர். ஏனையோர் வாசலிற் பாய் விரிப்பர்.

வெளிநாட்டில் உழைத்துப் பொருளீட்டுவோர் தம் ஊரில் எழுப்பும் மாளிகைகளையும் ஈண்டு நினைத்தல் தகும். பட்டுக்கோட்டைக்கு அருகே கடற்கரையில் மனோரா என்னும் கோபுரம் நிற்கின்றது. ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் 1814–15ஆம் ஆண்டுகளில் எழுப்பியது அது. தொலைவிலிருந்து காணப்படுதலே அதன் தொழில். ஆகலின் அஃது உயர்ந்து நிற்றல் முறையே. வீட்டின் தொழில் அதுவன்று. இரண்டு மூன்று மாடி எடுத்து, பல வண்ணம் தீட்டி, கண்ணாடி பதித்த வீடுகள் பல ஊர்களில் மனோராவைப் போலவே தொலைவிலிருந்து காணப்படுதற்கென நிற்கின்றன. உரிமையாளர் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பர். மேல்மாடிகள் பூட்டிக் கிடக்கும். மூத்த தாயும் தந்தையும் கீழே ஓர் அறையில் மின்விசிறியின் கீழ் வாழ்வர். அவ்விருவர்க்கும் ஏற்றதாக அவ்வீடு அமைந்ததா என்று கேட்பின், இல்லை என்பதே பல இடங்களில் விடையாகும்.

இசைவு என்பது யாது?

இனி, நிலத்தோடு இசைதல் என்பதன் பொருளைத் தெளிவாம். சிலர் கான்கிரீட் தட்டின் மேல் ஓடு ஒட்டியும், வாயிலில் வண்டிச்சக்கரம் சார்த்தியும் நாட்டுப்புறத் தோற்றம் வருவிக்கின்றனர். இது வேடம். வேடம் பூண்ட வீட்டினுள்ளும் அதே புழுக்கம்தான். உண்மையான இசைவு செயலில் உள்ளது. வரப்பு நீரைத் தாங்குகின்றது. வாய்க்கால் நீரைக் கடத்துகின்றது. மரம் நிழல் தருகின்றது. குளம் வெள்ளத்தை ஏற்றுக் கோடைக்குக் காக்கின்றது. இவை செய்யும் பணிகளில் வீடும் பங்கு கொள்ளுமாயின், அதன் பொருள் செங்கல்லாயினும் சிமெண்டாயினும், அவ்வீடு அந்நிலத்தின் ஓர் உறுப்பாகவே தோன்றும். நீரைத் தடுத்தும், வெப்பத்தைப் பெருக்கியும், காற்றோடு முட்டியும் நிற்குமாயின், ஓலை வேய்ந்ததாயினும் அஃது அந்நிலத்திற்கு அயலே.

இக்கருத்தைச் செயலிற் காட்டிய இருவரைக் குறிப்பிடுதல் பயனுடைத்து. ஒருவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா (1919–2003). கொழும்பில் ஏனா டி சில்வா என்பார்க்கு 1960–62இல் அவர் அமைத்த வீடு, ஓட்டுச் சரிவுக் கூரையும் நடு முற்றமும் உடையது; எனினும் முற்றிலும் அக்கால வாழ்க்கைக்கு ஏற்ற புது வீடு. 1960களில் பொலொன்தலாவை என்னும் தோட்டத்தில் உல்ரிக் பிளெஸ்னர் என்பாரோடு சேர்ந்து அவர் அமைத்த விடுதியில், அங்குக் கிடந்த பெரும் பாறைகளை அகற்றாது, அவற்றையே சுவராகவும் கூரையின் தாங்கலாகவும் கொண்டார். நிலத்தை வீட்டிற்கு ஏற்பத் திருத்தாமல், வீட்டை நிலத்திற்கு ஏற்பத் திருத்திய திறம் அது.

மற்றவர் லாரி பேக்கர் (1917–2007). இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்து, தொழுநோயாளர் இல்லங்களை அமைக்கும் மிஷன் பணிக்காக 1945இல் இந்தியா வந்தவர். பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைத்து, எளியோர்க்கும் ஏனையோர்க்கும் எண்ணற்ற வீடுகளைக் கட்டியவர். இந்தியக் குடியுரிமையும் பெற்றவர். வீட்டுக்கு வேண்டும் பொருள்களை ஐந்து மைல் வட்டத்திற்குள்ளேயே தேடிக்கொள்ளுதல் நன்று என்னும் கருத்தைக் காந்தியடிகளிடமிருந்து கேட்டதாகப் பேக்கர் கூறுவதுண்டு. அதனைத் தம் தொழிலின் நெறியாகவே அவர் கொண்டார். பேக்கர் காட்டிய வழிகளுள் இரண்டை நாம் கீழே பயன்படுத்துவாம்.

அமைப்பு முறை

முதலாவது, இடம். நன்செய்யை மேடாக்கி வீடு கட்டுதல் இருவகையிற் கேடு: விளைநிலம் குறைகின்றது; அவ்வழி வடிய வேண்டிய நீர் அயலார் வயலில் தேங்குகின்றது. ஊர் நத்தத்திலோ மேட்டு நிலத்திலோ மனை கொள்ளுதல் வேண்டும். மனைக்குள் பழைய வாய்க்கால் ஓடின் அதனைத் தூர்க்கலாகாது. அவ்விடத்து வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியதென்று முதியோரைக் கேட்டறிந்து, அதற்கு மேல் இரண்டடியேனும் உயரத் தளம் இடுக. அத்தளம் இட வேண்டிய மண்ணை மனையிலேயே ஒரு மூலையில் தோண்டி எடுப்பின், தோண்டிய பள்ளம் சிறு குட்டையாகி மழை நீரை ஏற்கும்.

இரண்டாவது, திசை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுப்போர் நண்பகலில் கோல் நாட்டி, அதன் நிழல் கொண்டு திசை அறிந்த செய்தி காணப்படுகின்றது. நாமும் நிழலையே கணக்கிடுவாம். பட்டுக்கோட்டை ஏறத்தாழ 10 பாகை 26 கலை வட அகலாங்கில் உள்ளது. மார்கழித் தொடக்கத்தில், டிசம்பர் 21ஆம் நாளையொட்டி, நண்பகற் கதிரவன் தென்வானில் 56 பாகை உயரத்தில் நிற்பான். அப்போது சுவரைக் கடந்து மூன்றடி நீண்ட இறவாரம், தெற்குச் சுவரில் நாலரை அடி வரை நிழல் தரும். சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரை நண்பகற் கதிரவன் வடபால் நிற்பான். ஆனால் மிக உயரத்தில் நிற்பதால், சிறிய இறவாரமே வடக்குச் சுவரைக் காக்கும். மேற்குச் சுவரின் நிலையோ வேறு. பங்குனியிலும் புரட்டாசியிலும் மாலை நான்கு மணிக்குக் கதிரவன் 30 பாகை அளவிலேயே நிற்றலின், அதே மூன்றடி இறவாரம் ஒன்றே முக்கால் அடிக்குத்தான் நிழல் தரும். எஞ்சிய சுவர் முழுதும் வேகும். இதனால் பெறப்படுவது யாது? வீட்டின் நீண்ட சுவர்கள் தெற்கும் வடக்கும் நோக்குதல் வேண்டும். மேற்கே சுவர் குறுகியதாய், அதன் முன் தாழ்வாரமோ, குளியலறை, பொருளறை முதலியனவோ அமைதல் வேண்டும். உறங்கும் அறையை மேற்கில் வைத்தல் கூடாது.

மூன்றாவது, கூரை. இங்கேதான் கதிரவனும் புயலும் தம்முள் மாறுபடுகின்றனர். வெயிலைத் தடுக்க நீண்ட இறவாரம் வேண்டும்; புயற்காற்றோ அந்நீண்ட விளிம்பின் அடியிற் புகுந்து கூரையை மூடி போலத் தூக்கி எறியும். கஜா புயலில் பல கூரைகள் பறந்ததன் காரணம் இதுவே. புயல் நாட்டுக் கட்டட அறிஞர் இதற்கு ஒரு வழி கூறுவர். முதன்மைக் கூரையின் விளிம்பு சுவரைக் கடந்து ஒன்றரை அடிக்கு மேற்படலாகாது. தாழ்வாரத்தின் கூரையை அதனோடு ஒன்றாகத் தொடராது, சற்றுத் தாழத் தனித் தூண்களின் மேல் தனியே அமைத்தல் வேண்டும். கடும்புயலில் தாழ்வாரக் கூரை போயினும் வீட்டுக் கூரை நிற்கும். சாளரங்களுக்குத் தனித்தனியே நிழற்பலகை வைத்துக்கொள்ளலாம். இவ்வாறு, பழைய வீட்டின் தாழ்வாரம் புதிய அறிவோடு மீண்டும் வருகின்றது.

கூரையின் வடிவமும் கருதத்தக்கது. இருபுறம் சரிந்து இருபுறம் முக்கோணச் சுவர் நிற்கும் கூரையைக் காட்டிலும், நாற்புறமும் சரியும் கூரை காற்றுக்கு நன்கு ஈடு கொடுக்கும். சரிவு 30 பாகை அளவில் இருத்தல் நலம். மங்களூர் ஓட்டை இதற்குப் பயன்படுத்தலாம். அவ்வோட்டுத் தொழிலை 1865இல் மங்களூரில் தொடங்கியவர் பாசல் மிஷனார் என்பது மிஷன் கல்லூரி மாணவர் அறிந்திருக்கத் தக்க செய்தி. உச்சியிலும் ஓரங்களிலும் ஓடுகளைச் சாந்தில் பதித்து, இடையிலுள்ளவற்றைக் கம்பியால் சட்டத்தோடு பிணித்தல் வேண்டும். சட்டங்களைச் சுவரோடும், சுவர்களைத் தம்முள்ளும் பிணிப்பதற்கு, கதவு நிலைகளின் மேல் வீட்டைச் சுற்றி ஓடும் கான்கிரீட் வளையம் ஒன்று இன்றியமையாதது. கூரையின் கனம் அதனைக் காக்கும் என்று நம்பியிருத்தல் போதாது; பிணிப்பே காக்கும்.

நான்காவது, காப்பறை. வீட்டின் நடுவே ஓர் அறைக்கு மட்டும் கான்கிரீட் தட்டு இடுக. தண்ணீர்த் தொட்டி அதன் மேல் நிற்கும். புயல் இரவில் குடும்பத்தார் அதனுள் தங்குவர். ஆவணங்களும் விதைநெல்லும் அங்கே காக்கப்படும். அத்தட்டிலும் பேக்கர் காட்டிய முறையைக் கையாளலாம். தட்டின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியேயன்றிக் கான்கிரீட் அன்று. ஆதலின் கம்பிகளின் இடையே பழைய ஓடுகளை வைத்து வார்த்தால், சிமெண்டு மிஞ்சும்; வெப்பமும் குறையும்.

ஐந்தாவது, சுவர். பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' என்னும் முறையில், செங்கற்களைப் படுக்க வையாது பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும். நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்விடாது. மூலைகளில் அவ்வெற்றிடத்தினுள் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பினால் புயலுக்கும் உறுதியாகும். வெளிப்புறம் சுண்ணாம்பு வெள்ளை பூசுதல் வெயிலைத் திருப்பி அனுப்பும். சிவந்த ஓடும் வெண்சுவரும் பச்சை வயலின் நடுவே நிற்கும் காட்சிக்கு வேறு வண்ணம் வேண்டுவதில்லை.

ஆறாவது, முற்றமும் நீரும். கள்வர்க்கு அஞ்சியும் மழைக்கு அஞ்சியும் பலர் முற்றத்தை மூடிவிட்டனர். எட்டடிச் சதுர முற்றம் ஒன்றை விட்டு, அதன் மேல் இரும்புக் கம்பி வலை அமைத்தால் அச்சமும் தீரும். காற்றும் ஒளியும் வரும். தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பை ஒரு குழாயும் குழியும் வைத்துக் கடமைக்குச் செய்தல் போதாது. 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 2,360 லிட்டர் அளவுக்கு நீர் விழும். அதனை முற்றத்திலும் கூரை ஓரத்திலும் பிடித்துத் தொட்டிக்கும், மிகுதியைக் கிணற்றுக்கும் குட்டைக்கும் செலுத்தினால், கோடையில் அதன் அருமை விளங்கும்.

ஏழாவது, மரமும் வேலியும். வளர்ந்த தென்னை அறுபது அடி உயரம் உடையதாயின், வீட்டிலிருந்து அறுபது அடிக்குள் அதனை நடலாகாது. கஜாவில் தென்னைகள் வீழ்ந்த இடங்களிலும் பனைகள் பெரும்பாலும் சாயாது நின்றதைப் பலரும் கண்டனர். ஆதலின் மனையின் எல்லையில் பனையும், மேற்கே சற்று எட்டி வேம்பும் புங்கமும் புன்னையும் வைத்து, ஐப்பசிக்கு முன் கிளை கழித்து வருக. உயர்ந்த மதிலுக்கு மாறாகக் கிளுவை வேலி இடுக. காற்று அதனூடே புகுந்து தணியும். வெள்ளமும் தடையின்றி வடியும்.

இறுதியாக, அதனுள் வாழ்வோர். அடுக்களை கிழக்கு வெளிச்சமும் புகைபோக்கியும் உடையதாய், நின்று சமைக்க ஏற்ற மேடையோடு அமைதல் வேண்டும். முதியோர் அறை தரைத்தளத்தில், கழிப்பறைக்கு அடுத்ததாய், படியேறும் துன்பம் இன்றி இருத்தல் வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு வடக்கு வெளிச்சம் வரும் ஒரு மூலை வேண்டும். தெருப்பக்கம் திண்ணை வேண்டும். அதில் யார் வந்தாலும் உட்காருக என்று சொல்லும் உள்ளமும் வேண்டும். மாடி மிகவும் வேண்டுவதாயின் ஒன்றே போதும். தென்னையின் தலைக்குக் கீழே நிற்கும் வீடே சமவெளிக்கு அழகு.

செலவும் கைத்தொழிலும்

'இவையெல்லாம் செல்வர்க்கே இயலும்' என்று சிலர் கூறலாம். இடமும் திசையும் அறிந்து கட்டுதற்குச் செலவு இல்லை. மேற்கில் மரம் வைத்தற்கும் முற்றம் விடுதற்கும் பெருஞ்செலவு இல்லை. எலிப்பொறிக் கட்டு செலவைக் குறைப்பதேயன்றிக் கூட்டுவதன்று. 360 சதுர அடி வீட்டிற்கும் மேற்கே ஒரு தாழ்வாரமும், தட்டின் மேல் வெள்ளைப் பூச்சும், எதிரெதிரே சாளரமும் அமைக்கலாம். உண்மையான தட்டுப்பாடு பணத்தில் இல்லை. கைத்தொழில் அறிந்தாரிடத்தில் உள்ளது. கூரைச் சட்டம் பொருத்தும் தச்சரும், சுண்ணாம்புச் சாந்து பதமறிந்து குழைக்கும் கொத்தனாரும், நாட்டு ஓடு சுடும் குயவரும் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். வேலை கொடுப்பார் இருந்தால் அத்தொழில்கள் பிழைக்கும். ஓர் ஊரில் இத்தகைய வீடு ஒன்று எழுந்து, அடுத்த புயலுக்கும் அடுத்த கோடைக்கும் ஈடு கொடுத்து நின்றால், பத்துச் சொற்பொழிவுகள் செய்யாததை அது செய்யும்.

மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் உங்கள் ஊரில் மூன்று வீடுகளை, பழைய ஓட்டு வீடு ஒன்று, அரசு கட்டிக் கொடுத்த வீடு ஒன்று, புதிய மாடி வீடு ஒன்று எனத் தேர்ந்து, ஒரு வெப்பமானியோடு சென்று, நண்பகலிலும் இரவு பத்து மணிக்கும் அவற்றினுள் எத்துணை வெம்மை உள்ளதென்று அளந்து குறியுங்கள். வெள்ளம் எதுவரை ஏறியது, புயலில் எது போயிற்று, எது நின்றது என்று அங்கு வாழ்வோரையே கேளுங்கள். சிறப்பாக அடுக்களையில் நிற்பவரையும் கட்டிலில் கிடக்கும் முதியவரையும் கேளுங்கள். அக்குறிப்புகளோடு தொடங்கும் வீடு, கட்டும் முன்னரே நிலத்தோடு பாதி இசைந்துவிடும். எஞ்சிய பாதியைக் கொத்தனாரும் தச்சரும் நீங்களும் கூடியிருந்து செய்து முடிக்கலாம்.